அலகு நுனியில் ஒரு பாசி

மடைக்காட்டு ஏரியில் நெட்டலகன் என்றொரு கூழைக்கடாப் பறவை மீன் பிடித்துக்கொண்டிருந்தது. இளவட்டம். அதன் அலகுக்குக் கீழே தொங்கும் பை இருக்கிறதே, அதில் ஒரு கல்யாணத்துக்குச் சாம்பார் வைக்கலாம். கூட்டிச் சொல்கிறேன் என்று நினைத்தால், ஒரு காதுகுத்துக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மலைக்கு அந்தப் பக்கம், புளியமரத்துக் கூட்டில், அதன் முதல் குஞ்சுகள் விடிந்ததிலிருந்து வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. அங்கே இருந்த குளம் வற்றிவிட்டது. அதனால்தான் நெட்டலகன் முதன்முறையாக மலை தாண்டி வந்திருந்தது.

ஒரே அள்ளு! பை நிறையக் கெண்டை மீன். கூடவே மத்தளி என்ற குண்டுத் தவளையும் உள்ளே போய்விட்டது. பாவம், அது பாட்டுக்குப் பாசியில் படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பாசியிலும் ஒரு இழை நெட்டலகனின் அலகு நுனியில் ஒட்டிக்கொண்டது.

கிளம்பும் நேரம் பார்த்து மலை உச்சியில் மேகம் வந்து உட்கார்ந்தது. கூழைக்கடாக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மலைமேல் மேகம் இருந்தால் எதுவும் மேலே போகாது. ஆற்றைப் பார்த்துக்கொண்டே மலையைச் சுற்றிப் போகும். பொழுது சாய்ந்துவிடும், ஆனால் வீடு போய்ச் சேரலாம். அன்றைக்கும் கூட வந்த கூட்டம் அப்படித்தான் கிளம்பியது. நெட்டலகனையும் கூப்பிட்டது.

"குஞ்சுகள் அவ்வளவு நேரம் தாங்காது. நேராகப் போவதற்குக் கண் எதற்கு? என் உடம்புக்கே வழி தெரியும்!" என்று சொல்லிவிட்டு, அது மேகத்துக்குள் நுழைந்தது.

மேலே வெள்ளை. கீழே வெள்ளை. தயிர்ப் பானைக்குள் விழுந்த ஈயின் நிலைமைதான். ஆனாலும் நெட்டலகனுக்குப் பயமில்லை. நேராகத்தான் போகிறோம் என்று உடம்பு சொல்லிக்கொண்டே இருந்தது.

காலுக்குக் கீழே ஒரு பட்ட மரத்தின் உச்சி தெரிந்தது. அதில் ஒரு காக்கா உட்கார்ந்திருந்தது.

"எங்கே மாப்பிள்ளை, இந்தப் பக்கம்?"

"வீட்டுக்கு."

சற்று நேரத்தில் இன்னொரு பட்ட மரம். அதன் உச்சியிலும் ஒரு காக்கா. இது கண்ணுக்கு நேரே இருந்தது. "மறுபடியுமா மாப்பிள்ளை?" என்றது.

இந்த மலையில் காக்கா அதிகம்போல, எல்லாம் ஒரே மாதிரி பேசுகின்றன என்று நினைத்துக்கொண்டு நெட்டலகன் போனது.

இன்னொரு மரம் வந்தது. இந்தத் தடவை காக்கா தலைக்கு மேலே இருந்தது. "ஒரு வாய் சாப்பிட்டுவிட்டாவது சுற்றேன் மாப்பிள்ளை!"

"இந்தப் பக்கத்து மரமெல்லாம் என்ன இவ்வளவு உயரம்?" என்று நெட்டலகன் வியந்துபோனது.

பைக்குள் இருந்த மத்தளி, அதே குரல் முதலில் கீழிருந்தும் பிறகு மேலிருந்தும் வருவதைக் கவனித்தது. அலகு இடுக்கில் தலையை நீட்டியது.

"அண்ணே, அது ஒரே மரம். ஒரே காக்கா. நாம் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறோம்."

"சாப்பாடு பேசக் கூடாது."

"சரி, பேசவில்லை. பாறையில் மோதினால் சாப்பாடும் இருக்காது, கொண்டுபோகிறவனும் இருக்க மாட்டான். உன் குஞ்சுகள் பிளந்த வாயை மூடாமலே கிடக்கும்."

இது நெட்டலகனுக்குச் சுருக்கென்று தைத்தது. நேராகப் போவதாகத்தானே உடம்பு சொல்கிறது, இப்போது என்ன செய்வது என்று திணறியது. வழி சொல்கிறேன், ஆனால் நான் சாப்பாடு இல்லை என்று முதலில் ஒப்புக்கொள் என்றது மத்தளி. கீழே வெள்ளைக்குள் ஏதோ கறுப்பாகத் தெரிந்தது. நெட்டலகன் உடனே ஒப்புக்கொண்டது.

"அலகு நுனியில் பாசி இருக்கிறதா? நேராகப் பறந்தால் எதிர்க்காற்று அதை உன் இரண்டு கண்ணுக்கும் நடுவே கிடத்தும். இப்போது அது எந்தப் பக்கம் கிடக்கிறது?"

"இடப்பக்கம்."

"அப்படியென்றால் உன் மூக்கு இடப்பக்கம் கோணிக்கொண்டு போகிறது. பாசி நடுவுக்கு வரும்வரை அலகை வலப்பக்கம் கொண்டுவா. சிறகை ஓங்கி அடி!"

நெட்டலகன் அலகைத் திருப்பியது. உடனே உடம்பு கூப்பாடு போட்டது.

"ஐயோ, வலப்பக்கம் கவிழ்கிறேன்!"

"கவிழவில்லை. பாசியைப் பார்."

"தலைகீழாகப் போகிற மாதிரி இருக்கிறதே."

"மாதிரிதான் இருக்கும். பாசியைப் பார்."

நெட்டலகன் பல்லைக் கடித்துக்கொண்டு, அதாவது பல் இருந்தால் கடித்திருக்கும், பாசியை மட்டும் பார்த்தது. அப்போதுதான் மத்தளிக்கு இன்னொன்று உறைத்தது. கிளம்பியதிலிருந்து தன் குண்டு உடம்பைப் பையின் இடது மூலையில் சாய்த்துக்கொண்டு சொகுசாகப் படுத்திருந்தது! சத்தமில்லாமல் நடுவே நகர்ந்தது.

பாசி மெல்ல மெல்ல நகர்ந்து, வகிடு எடுத்த மாதிரி நட்டநடுவில் வந்து படிந்தது. பாறை ஒன்று நெட்டலகனின் வயிற்றை உரசி நாலு இறகைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் போனது. அது அசரவில்லை. சிறகை அடித்து அடித்து மேலே ஏறியது.

பளீரென்று வெயில்! கீழே புளியமரம். பிளந்த வாய்கள்.

மீனையெல்லாம் குஞ்சுகளுக்குக் கொட்டிய பிறகு பைக்குள் தவளை மிச்சம் இருந்தது. அதை ஏன் ஒளித்துவைக்கிறாய் என்று பெண்டாட்டி அதட்டியது.

"அது சாப்பாடு இல்லை. என் மூக்கு கோணாமல் பார்த்துக்கொள்கிற ஆள்" என்றது நெட்டலகன்.

மத்தளி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தது. இடது மூலை விஷயத்தை அது இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

மறுநாளும் மலைமேல் மேகம். மத்தளியை ஏரியில் கொண்டுபோய் விட வேண்டும். நேற்றைய வேடிக்கை இன்றும் உண்டு என்று காக்கா விடியும் முன்பே வந்து மரத்தில் இடம் பிடித்திருந்தது. நெட்டலகன் அலகில் பாசியோடு, பைக்கு நட்டநடுவில் தவளையோடு, மரத்துக்கு மேலே விர்ரென்று போனது. காக்கா காத்திருந்தது. காத்துக்கொண்டே இருந்தது. நெட்டலகன் திரும்பச் சுற்றி வரவேயில்லை.

"இன்றைக்கு அவ்வளவுதானா மாப்பிள்ளை?" என்று மேகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டு, காக்காவும் தன் வேலையைப் பார்க்கப் போனது.

வழி மறைந்த நேரத்தில் தன் உடம்பு சொல்வதை விட்டுவிட்டு, கண்ணெதிரே இருக்கும் அடையாளத்தை நம்புகிறவனே வீடு போய்ச் சேருவான்.