வேலப்பன் வளைக்கு வந்த நீலச் சிலந்தி

மலையடிவாரக் காட்டில், ஒரு கொன்றை மரத்தடியில் வேலப்பன் என்ற முள்ளம்பன்றி வளை தோண்டி வாழ்ந்துவந்தது. அருமையான வளை. மழைத் தண்ணீர் உள்ளே புகாதபடி வாசலை மேட்டில் வைத்திருந்தது. நடுவில் கிழங்கு வைக்க ஒரு குழி. கடைசியில் படுக்க ஓர் அறை. காட்டிலேயே இவ்வளவு ஒழுங்கான வளை வேறு கிடையாது. ஆனால் அதைப் பார்த்துச் சொல்லத்தான் யாரும் இல்லை.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. அடைமழை விட்ட மூன்றாம் நாள், 'வளை பார்க்கும் நாள்'. அன்றைக்கு எல்லா விலங்குகளும் ஒன்றின் வீட்டுக்கு ஒன்று போகும். மழையில் எது இடிந்தது, எது நின்றது என்று பார்க்கும். வந்தவர் ஒரு நல்ல வார்த்தையாவது சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பொடி எலி வீட்டுக்குக்கூட ஏழெட்டுப் பேர் வருவார்கள். வேலப்பன் வாசல் மட்டும் வெறிச்சோடிக் கிடக்கும்.

யாருக்கும் அதன்மேல் விரோதம் இல்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால் முயல் ஒருமுறை வந்தது. விருந்தாளி வந்த சந்தோஷத்தில் வேலப்பன் சட்டென்று திரும்பியது. முயலின் மூக்கில் மூன்று முள்! அதற்குப் பிறகு யாருக்கும் அந்தப் பக்கம் வரத் துணிச்சல் இல்லை.

பாவம், வேலப்பன் வருஷா வருஷம் வாசலைப் பெருக்கிவிட்டுப் பொழுது சாயும்வரை காத்திருக்கும். மறுநாள் பார்ப்பவர்களிடமெல்லாம், "நேத்து நான் வெளிய போயிட்டனுங்க. நீங்க வந்துட்டு ஏமாந்து போனீங்களோ என்னமோ!" என்று தானாகவே சொல்லிவைக்கும். அவர்களும் தலையை ஆட்டிவைப்பார்கள்.

இந்த வருஷமும் மழை தொடங்கியது. வேலப்பன் தன் கூட்டாளி மாரப்பனிடம் மனசு விட்டுப் பேசியது. மாரப்பன் ஒரு மரநாய். அது ஏறாத மரம் இல்லை, அதற்குத் தெரியாத பொந்து இல்லை.

"எம்பட வீட்டுக்கும் நாலு பேர் வரணும் மாப்ளே! அதுக்கு என்ன பண்ணலாம்?"

"உன் வீட்டுல பார்க்கறதுக்கு என்ன இருக்கு? கிழங்கு! கிழங்கைப் பார்க்க எவன் வருவான்?" என்று சிரித்தது மாரப்பன். "கண்ணைப் பறிக்கற மாதிரி ஒண்ணு வேணும். மரப் பொந்துல கலர் கலரா சிலந்தி இருக்கு. ஒவ்வொண்ணும் உள்ளங்கை அகலம்! ஒண்ணைப் பிடிச்சு வாசல்ல வெச்சுப் பாரு. கூட்டம் அலைமோதும்!"

வேலப்பனுக்கு அப்போதே கூட்டம் வந்துவிட்ட மாதிரி இருந்தது. இரண்டும் புறப்பட்டன.

முதலில் விழுந்து கிடந்த ஓர் அடிமரத்தில் பழுப்புச் சிலந்தி ஒன்று இருந்தது. கூப்பிட்டவுடன் வெளியே வந்தது.

"வீட்டுல வெச்சுப் பார்க்கவா? தாராளமா வர்றனுங்க! வெளிச்சமோ கூட்டமோ எதுக்கும் எனக்குப் பயம் கிடையாது."

"மண்ணு நிறத்துல இருக்கறே. மண்ணைப் பார்க்க என் வீடு வரைக்கும் எதுக்கு வரணும்?" என்று வேலப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அடுத்து வேங்கை மரத்தில் கறுப்பும் மஞ்சளுமாக வரி போட்ட சிலந்தி. "இது பரவாயில்லை" என்றது வேலப்பன். ஆனால் மனசு முழுசாக நிறையவில்லை.

கடைசியாக ஒரு பழைய இலுப்பை மரம். மாரப்பன் மேலே ஏறி, பொந்தில் இருந்த சிலந்தியை ஒரு பட்டையில் ஏந்திக் கீழே கொண்டுவந்தது. வேலப்பன் வாயைப் பிளந்தது. நீலம்! அப்படி ஒரு நீலத்தை அது பூவிலும் பார்த்ததில்லை, சிறகிலும் பார்த்ததில்லை.

"இதுதான்! இதேதான்!" என்று கத்தியது.

"வர்றேன்" என்றது சிலந்தி மெல்லிய குரலில். "செவ்வெறும்பு பாதி மரத்தைப் பிடிச்சுடுச்சு. எனக்கும் வேற போக்கிடம் இல்லை. ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கப்பா. எனக்குக் கூச்சம் ஜாஸ்தி. இருட்டு வேணும். பதுங்கிக்க ஒரு பட்டைத் துண்டு வேணும். நான் சாப்பிடாம கிடந்தா, என்னை அப்படியே விட்டுடணும்."

"ஆகட்டும், ஆகட்டும்!" என்றது வேலப்பன். காது திறந்துதான் இருந்தது. கவனம் மட்டும் நீலத்தில் இருந்தது.

வாசல் ஓரத்தில் ஒரு மாடம் குடைந்து, வெள்ளைக் கூழாங்கல் பரப்பி, சிலந்தியை உள்ளே விட்டது. ஓடிவிடாமல் இருக்க முன்னால் மூங்கில் குச்சிகளை நெருக்கமாக நட்டது. சொன்னபடி ஒரு பட்டைத் துண்டும் வைத்தது. சிலந்தி உடனே அதற்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது.

"அட, இப்படி ஒளிஞ்சா யாரு எப்படிப் பார்ப்பாங்க?" என்று வேலப்பன் மறுநாளே பட்டையை உருவி எடுத்துவிட்டது.

சிலந்தி எட்டுக் கால்களையும் மடக்கிக்கொண்டு ஒரு மூலையில் ஒடுங்கியது. அந்த வழியாகப் பறந்த கிளி ஒன்று அதைப் பார்த்துவிட்டது. அவ்வளவுதான்! அன்று மாலைக்குள் காடு பூராவும் இதே பேச்சு. "வேலப்பன் வீட்டுல வானத்து நிறத்துல ஒரு சிலந்தியாம்!" வேலப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. வாசலை மூன்று தடவை பெருக்கியது.

ஆனால் நாளாக நாளாகச் சிலந்தியின் நிறம் மங்கியது. நீலம் சாம்பலாகிக்கொண்டே வந்தது. சாப்பாட்டையும் தொடவில்லை. மழை விட்டது. இன்னும் இரண்டே நாள்! வேலப்பன் பதறிப்போய் ஐந்து வெட்டுக்கிளிகளைப் பிடித்து உயிரோடு மாடத்துக்குள் விட்டது.

"வேண்டாம்ப்பா, எடுத்துடு" என்று கெஞ்சியது சிலந்தி. "எனக்குப் பசியில்லை."

"சாப்பிட்டாத்தானே நிறம் திரும்பும்? அடம் பிடிக்காதே!" என்று சொல்லிவிட்டு வேலப்பன் கிழங்கு அடுக்கப் போய்விட்டது.

வளை பார்க்கும் நாள் வந்தது. மயில் வந்தது. முயல் வந்தது. மந்திகள் குடும்பத்தோடு வந்தன. வாசலில் நிற்க இடமில்லை. "வாங்க, வாங்க!" என்று வேலப்பன் ஒவ்வொருவரையும் வரவேற்றது. யார்மேலும் முள் பட்டுவிடக் கூடாதே என்று பக்கவாட்டில் மெதுவாக ஒதுங்கி மாடத்தைக் காட்டியது.

சிலந்தி மல்லாந்து கிடந்தது. எட்டுக் கால்களும் மேலே பார்த்திருந்தன.

"செத்துப் போச்சே!" என்றது முயல்.

"இந்தச் சாம்பல் பூச்சியைப் பார்க்கவா இவ்வளவு தூரம் நடந்தோம்?" என்று மயில் தோகையைச் சுருட்டியது.

மாரப்பன் வேலப்பனின் காதில் கிசுகிசுத்தது. "அதைத் தூக்கி வெளிய போடு மாப்ளே! நான் ஓடிப்போய் அந்தக் கறுப்பு மஞ்சளைக் கொண்டாந்துடறேன். அதுவரைக்கும் இவங்களுக்குக் கிழங்கு கொடுத்து நிறுத்தி வை!"

வேலப்பன் மூங்கில் குச்சிகளைப் பிடுங்கியது. தூக்கி எறியக் கையை நீட்டியது. அப்போதுதான் பார்த்தது. ஒரு வெட்டுக்கிளி சிலந்தியின் பின்னங்காலைக் கறுக் கறுக்கென்று கடித்துக்கொண்டிருந்தது. கடிபட்ட கால் துடித்தது.

"தொடாதே..." என்று உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. காற்றைவிடச் சன்னமான குரல். "தோல் உரிக்கறேன். இப்பத் தொட்டா செத்துடுவேன்."

சிலந்தி அன்றைக்குக் கேட்டது ஒவ்வொன்றாக இப்போதுதான் வேலப்பன் காதில் விழுந்தது. ஒன்றையாவது செய்தோமா? உடனே அந்த ஐந்து வெட்டுக்கிளிகளையும் பொறுக்கி வெளியே எறிந்தது.

"தோல் உரிக்கறதா?" மயிலுக்குக் கண் பளபளத்தது. "அதை நாங்க பார்த்ததே இல்லையே! வெளிச்சத்துக்குக் கொண்டாய்யா வேலப்பா! உரிச்சு முடிக்கற வரைக்கும் இங்கேயே இருக்கோம்!"

"ஆமாமா, கொண்டாங்க, கொண்டாங்க!" என்று மந்திகள் முண்டியடித்தன.

நான்கு வருஷமாக வேலப்பன் எதிர்பார்த்திருந்த கூட்டம். சரியென்று ஒரு சொல் சொன்னால் பொழுது சாயும்வரை அதே வாசலில் உட்கார்ந்திருக்கும். வேலப்பன் கூட்டத்தைப் பார்த்தது. மல்லாந்து கிடந்த உயிரையும் பார்த்தது. பிறகு கூட்டத்துக்கு முதுகைக் காட்டியது. முள் அத்தனையும் சடசடவென்று விறைத்து நின்றன.

"இன்னைக்கு வீடு பார்க்க முடியாதுங்க. தயவுபண்ணிப் போயிட்டு வாங்க!"

"கூப்பிட்டு அவமானப்படுத்தறானே!" என்று மயில் ஏசிக்கொண்டே நடந்தது. மற்றவையும் கலைந்தன. "நீ உருப்படமாட்டே மாப்ளே!" என்று மாரப்பனும் போய்விட்டது.

வேலப்பன் வாசலை அடைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. கால் மரத்துப்போனது. கிழங்கு ஒரு கடி தின்னவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் மாடத்துக்குள் லேசாக ஒரு சத்தம். குனிந்து பார்த்தது. பழைய தோல் ஒரு பக்கம் கிடந்தது. அதன் அருகில் சிலந்தி, ஈரம் காயாமல், முன்னைக்கு இரண்டு பங்கு நீலமாக இருந்தது. கால்கள் ஏழுதான் இருந்தன.

வேலப்பன் பொல பொலவென்று அழுதுவிட்டது.

"என்னாலதான். எல்லாம் என்னாலதான்!"

"ஆமா, உன்னாலதான்" என்றது சிலந்தி. அதன் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "அடுத்த தடவை உரிக்கறப்ப முளைச்சுடும். அதுவரைக்கும் ஏழுகாலோட நடக்கணும்."

"உங்களுக்கு எந்த இடம் வேணும்? எங்க வேணும்னாலும் சொல்லுங்க."

"உள்ளே ஓர் அறை இருக்கே. அதுதான் நல்ல இருட்டு."

அது வேலப்பன் படுக்கிற அறை. உடனே அங்கே பட்டையைப் பரப்பி, சிலந்தியைக் கொண்டுபோய் விட்டது. தன் படுக்கையைக் கிழங்குக் குழிக்கு மாற்றிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் அதற்கு ஒன்று உறைத்தது.

"உங்க பேரையே கேக்கலீங்களே?"

"பூவாத்தா" என்றது சிலந்தி.

ஆறு மாதம் கழித்து மயில் அந்த வழியாக வந்தது. பழைய கோபம் ஆறியிருந்தது. "என்ன வேலப்பா, உன் நீலச் சிலந்தி இன்னும் நீலமாத்தான் இருக்குதா?" என்று கேட்டது.

வேலப்பன் சற்று யோசித்தது. "தெரியலீங்களே! உள்ள ஒரே இருட்டு. நான் பார்த்தே ரொம்ப நாளாச்சு" என்றது. உடனே அதன் முகம் மலர்ந்தது. "ஆனா பூவாத்தா நேத்து வயிறு நிறையச் சாப்பிட்டாங்க!"

அழகுக்காக ஓர் உயிரை வீட்டுக்குக் கொண்டுவருகிறவர்கள், அது தங்கள் கண்ணுக்கு எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், அதற்கு என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும்.