தலைவர் பாட்டு

எங்கள் ஊர் இசைக்குழுவின் புதிய ஆல்பத்தில், ஏரிமண்ணைத் திருடி விற்றவனைப் பற்றி ஒரு பாட்டு இருந்தது. ஒன்றியத் தலைவர் தணிகாசலம் மிரட்டியதால், பேருந்து நிலையக் கடைக்காரர் அந்தப் பாட்டுள்ள பென்டிரைவ்களை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டார். விற்பனை அடியோடு நின்றது. ஊர்க்கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டால்தான் விற்கவிடுவேன் என்றார் தலைவர்.

குழுவில் பம்பை அடிக்கும் பூவாத்தாள் மேடையேறினாள்.

“கேட்டுடறேனுங்க தலைவரே. ஆனா பாட்டுல யார் பேரும் இல்லீங்களே, யாருகிட்டக் கேக்கறது?”

தலைவர் மைக்கைப் பிடுங்கினார். “என்கிட்டத்தான்!”

“எந்த வரிக்குங்க?”

“ஏரிமண்ணைத் திருடி வித்தவன்னு பாடினியே, அதுக்கு!”

பூவாத்தாள் கும்பிட்டாள். “மன்னிச்சுக்கங்க. அது நீங்கதான்னு எங்களுக்கு இதுவரைக்கும் தெரியாதுங்க.”

கூட்டம் சிரித்து அடங்க வெகுநேரமானது.

மறுநாள் கடைக்காரரே தேடி வந்தார்.

“தலைவர் பாட்டு இருக்குதல்ல, அதுல நூறு குடு தாயி. எல்லாரும் கேக்கறாங்க.”