எக்காளம் ஊதினால் நிற்க வேண்டும்

செவ்வந்திக்கோட்டை சமஸ்தானத்தில் பணிவிடைத் தெரு ஓரமாகச் சரக்கு ரயில் ஓடியது மொத்தம் நாலே மாதம். ஐந்தாவது மாதம் ஏன் ஓடவில்லை என்பதுதான் கதை.

கரட்டுமலையில் வெட்டிய சுண்ணாம்புக் கல்லைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோகிற ரயில் அது. நாற்பது பெட்டி. நாளைக்கு ஆறு தடவை. தண்டவாளத்துக்கும் வீடுகளின் பின்சுவருக்கும் நடுவே ஒரு கட்டில் போடலாம், அவ்வளவுதான் இடம். அரண்மனையில் வேலை பார்க்கிற அத்தனை பேரும் அந்தத் தெருவில்தான் குடியிருந்தார்கள்.

காயப்போட்ட வேட்டியில் கரி விழுந்தது. குழந்தைகள் விடாமல் இருமின. ஒரு நாள் பெட்டியிலிருந்து உருண்ட கல் ஒன்று, அரண்மனை நாவிதன் மாடக்கண்ணு வீட்டு ஓட்டைப் பிளந்துகொண்டு தொட்டிலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. தொட்டிலில் அவன் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பாதையை மலைக்குப் பின்னால் மாற்றச் சொல்லித் தெருக்காரர்கள் ஏழு விண்ணப்பம் எழுதினார்கள். அவற்றை ராஜாவுக்கு வாசித்துக் காட்டுவது நல்லகுத்தாலத்தின் உத்தியோகம். ஏழாவதை அவர் வாசித்து முடிக்கும்போது தூரத்தில் ரயில் கூவியது.

"இந்தச் சத்தத்துக்கா இத்தனை புலம்பல்?" என்றார் ராஜா குமாரவீரப்பர். "குயில் மாதிரியல்லவா இருக்கிறது!"

"குயில் கல் போடாது, மகாராஜா."

"மலைக்குப் பின்னால் என் வேட்டைக்காடு இருக்கிறது, ஓய். மான்கள் மிரளும்."

மறுநாள் தெருவே தண்டவாளத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. திவான் சபாரத்தினம் ஒரு பிரகடனம் எழுதினார். இனிமேல் சரக்கு ரயில் ராஜாவின் பவனி. அதன் ஊதல் ராஜாவின் எக்காளம். மறிப்பவன் ராஜத்துரோகி.

அந்தச் சமஸ்தானத்தில் பவனிக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் எக்காளம் காதில் விழுந்தால், ராஜாவைத் தவிர யாராயிருந்தாலும் கைவேலையை அப்படியே விட வேண்டும். துண்டை இடுப்பில் கட்டிக் கைகட்டி நிற்க வேண்டும். மறு எக்காளம் கேட்கிறவரை அசையக் கூடாது. அசைந்தால் ஆறு மாதம் சிறை.

மாடக்கண்ணுவின் மனைவி பேச்சியம்மாள் நல்லகுத்தாலத்திடம் வந்தாள். "இனி என்ன செய்ய, ஐயா? மறிச்சா செயிலாம்ல?"

"மறிக்காதே, தாயி. கீழ்ப்படி."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். தெருவில் எல்லாரிடமும் சொல். எஞ்சின் ஓட்டுகிறவனிடமும் மறக்காமல் சொல்லிவிடு."

மறுநாள் காலை எட்டு மணி. மாடக்கண்ணு ராஜாவுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தான். வலது கன்னம் முடிந்தது. இடது கன்னத்தில் சோப்பு நுரை. ரயில் கூவியது.

மாடக்கண்ணு கத்தியைக் கீழே வைத்தான். துண்டை இடுப்பில் கட்டினான். கைகட்டி நின்றான்.

"என்னடா?"

"எக்காளம், சாமி."

விசிறி நின்றது. வெற்றிலை மடிக்கிறவர் பாதி மடிப்பில் நின்றார். அடுக்களையிலிருந்து தீய்கிற வாசனை வந்தது.

"திவான்!" என்று கத்தினார் ராஜா.

வாசற்படியில் ஒரு கால், கீழே ஒரு கால் என்று திவான் நின்றுகொண்டிருந்தார். "எழுதினது அடியேன்தானே, மகாராஜா. நானே மீறலாமா?"

"நல்லகுத்தாலம், நீருமா?"

"ஆமாம், மகாராஜா. அசையத்தான் கூடாது. கேட்டால் பதில் சொல்லலாம்."

ராஜா காத்திருந்தார். கால் மணி நேரம் போயிற்று. நுரை காய்ந்து கன்னம் இழுத்தது.

"மறு எக்காளம் ஏன் இன்னும் வரவில்லை?"

"எஞ்சின் ஓட்டுகிறவனும் மகாராஜாவின் குடிமகன்தான். ஊதினான். ஊதியது அவன் காதிலும் விழுந்திருக்கும். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கைகட்டி நிற்பான்."

"அப்படியானால் மறு தடவை யார் ஊதுவது?"

"அதைப் பற்றிப் பிரகடனத்தில் ஒன்றும் இல்லை, மகாராஜா."

ராஜா யோசித்தார். சமஸ்தானத்தில் அசையக்கூடியவர் அவர் ஒருவர்தான். பல்லக்குத் தூக்கிகளும் நின்றுகொண்டிருந்தார்கள். பாதிச் சவரத்தோடு நடந்தே போனார்.

பணிவிடைத் தெருவை அதுவரை அவர் பார்த்ததில்லை. கொடியில் வேட்டிகள் கறுப்பாகத் தொங்கின. ஒரு வீட்டுக்குள் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தார். கூரையில் ஓட்டை. தொட்டிலுக்குப் பக்கத்தில் ஒருத்தி கைகட்டி நின்றாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"குழந்தையை எடேன், அம்மா!"

"எக்காளம், சாமி. எடுத்தா ஆறு மாசம்."

"கூரையில் என்ன ஓட்டை?"

"உங்க பவனியிலேருந்து விழுந்த கல்லு, சாமி. அந்தா கெடக்கு."

ராஜா கல்லைப் பார்த்தார். தொட்டிலைப் பார்த்தார். குனிந்து குழந்தையைத் தூக்கி அவள் கட்டியிருந்த கைகளின் மேல் சாய்த்தார். பிறகு தெருக்கோடியில் நின்றிருந்த எஞ்சினுக்கு விறுவிறுவென்று போய் ஏறினார். ஓட்டுகிறவன் கைகட்டியபடியே ஊதல் சங்கிலியைக் கண்ணால் காட்டினான். இழுத்தார்.

தலைக்கு மேல் ஊதியது. ராஜா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கீழே இறங்கினார். தெரு அசைந்தது. அரண்மனையிலிருந்து நல்லகுத்தாலமும், திவானும், கத்தியோடு மாடக்கண்ணுவும் ஓடி வந்தார்கள்.

"குயில் எப்படி, மகாராஜா?" என்று கேட்டார் நல்லகுத்தாலம்.

ராஜாவுக்கு அது பாதிதான் கேட்டது. "தண்டவாளத்தைப் பிடுங்குங்கள். மலைக்குப் பின்னால் போடுங்கள். இன்றைக்கே!"

"மான்கள் மிரளுமே, மகாராஜா?" என்றார் திவான்.

"மிரண்டால் என்ன?" என்றார் நல்லகுத்தாலம். "மான்களுக்குத்தான் இன்னும் பிரகடனம் வாசிக்கவில்லையே. அவை ஓடிக்கொள்ளலாம்."

ராஜா சிரித்தார். காய்ந்த நுரை பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. விரலிலிருந்து ஒரு மோதிரத்தைக் கழற்றி நல்லகுத்தாலத்திடம் நீட்டினார்.

மாடக்கண்ணு கத்தியைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தான்.

"கொஞ்சம் அசையாம நில்லுங்க, சாமி. அந்தக் கன்னம் பாக்கி இருக்கு."