பொம்மியின் பெயரை அடிக்கப் போனவர்

“அம்மை, பொம்மி பேரை அடிச்சிடுங்க. இல்லேன்னா என்னை மலையிறங்க விடுங்க.”

திருமேனி இப்படிக் கேட்டபோது நாகம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

அந்த மலை மடத்துக்கு அவர்தான் குரு. வயது முப்பத்தாறு. சீடர் திருமேனிக்கு ஐம்பத்திரண்டு. நில அளவைத் துறையில் இருபத்தெட்டு வருஷம் ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து முடித்துவிட்டு, இனி தன்னை அளந்து பார்க்கலாம் என்று வந்தவர்.

தியானம் சொல்லித்தருவார்கள் என்று நினைத்தார். குருவோ ஒரு வாசிப்புப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்து, “காலையில படிக்க வர்றவங்களைப் பாத்துக்கங்க” என்று சொல்லிவிட்டார்.

படிக்க வருகிறவர்கள் ஏழு பேர். எல்லோரும் தேயிலை பறிக்கிற பெண்கள். வேலைக்குப் போகுமுன் எழுத்துக் கற்றுக்கொள்ள வருவார்கள்.

ஐப்பசி பிறந்துவிட்டால் அங்கே மூடுபனி வகுப்புக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். முதலில் கரும்பலகை மறையும். பிறகு முன்வரிசை. அப்புறம் நம் கையே நமக்குத் தெரியாது.

அதற்காகப் பாடத்தை நிறுத்துகிற வழக்கம் அந்த மடத்தில் இல்லை. வாத்தியார் புத்தகத்தை மூக்கில் ஒட்டிக்கொண்டு ஒரு வரியை உரக்க வாசிக்க வேண்டும். பனிக்குள்ளிருந்து ஏழு குரல்கள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

திருமேனிக்குக் கேட்டது ஆறு குரல்கள்தான்.

“பொம்மி பாடம் முடியிற நேரத்துக்கு வந்து ஓரமா உக்கார்றா. ஒரு கேள்வி கேட்டா மூச்சு வாங்குது, பதில் வரல. அவளுக்காகவே ஒரு வரியை நாலு தடவ சொல்றேன். பனிகிட்டப் பேசிப் பேசித் தொண்டை போச்சு. யாருக்காகப் பேசறேன்னே தெரியல, அம்மை.”

கடைசி வரியைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. அது கோபம் இல்லை.

நாகம்மை ஒரு பழுத்த இலையைக் கிள்ளிப் போட்டார்.

“அடிச்சிடலாம். ஆனா நேர்ல சொல்லிட்டுத்தான் அடிக்கணும். நாளைக்குக் காலையில அவ வீட்டுக்குப் போயிட்டு வாங்க. பாடத்தை நான் எடுக்கறேன்.”

மறுநாள் பொழுது புலரும் நேரத்தில் திருமேனி பால் வண்டியில் ஏறினார். அது மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கி, கீழூரில் அவரை விட்டது.

பொம்மி அப்போதுதான் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். அவரைப் பார்த்ததும் கையிலிருந்த பையை நழுவவிட்டாள்.

“சார், நீங்களே கூட்டிட்டுப் போக வந்துட்டீங்களா!”

“இல்ல...”

அவள் முகத்தைப் பார்த்தார்.

“ஆமா” என்றார்.

வண்டியில் வரும்போது ஒத்திகை பார்த்த வாக்கியம் தொண்டைக்குக் கீழேயே நின்றுவிட்டது. சரி, போகிற வழியில் சொல்லிக்கொள்ளலாம் என்று கூடவே நடந்தார்.

ஒரு மணி நேரம் ஏறினார்கள். சொல்ல வாயெடுத்த போதெல்லாம் ஏற்றம் மூச்சைப் பிடுங்கிக்கொண்டது.

பிறகு புல்மேடு வந்தது.

ஒற்றையடிப் பாதை அங்கே முடிந்தது. இடப்பக்கம் பள்ளம் இருப்பதாகப் பொம்மி சொன்னாள். அது எங்கே தொடங்குகிறது என்று பார்க்க வழியில்லை. மேலே வெள்ளை, கீழே வெள்ளை. தான் நிற்கிறோமா மிதக்கிறோமா என்றே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. இருபத்தெட்டு வருஷம் நிலம் அளந்த மனிதருக்கு அடுத்த அடியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“இனிமே எப்படிப் போறது?”

“கொஞ்சம் இருங்க சார். இன்னும் ஆரம்பிக்கல.”

“என்ன ஆரம்பிக்கல?”

பொம்மி கையமர்த்தினாள். காதைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

எங்கோ உயரத்திலிருந்து ஒரு குரல் மெலிசாக இறங்கி வந்தது.

“ஆற்றில் புது வெள்ளம் வந்தது.”

“ஆற்றில் புது வெள்ளம் வந்தது” என்று சொல்லிக்கொண்டே பொம்மி ஓரடி வைத்தாள்.

குரல் அதே வரியை மறுபடி சொன்னது. அவள் இன்னோரடி வைத்தாள். அவள் சேலைத் தலைப்பின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே திருமேனியும் வைத்தார்.

“ஆடுகள் அக்கரையில் நின்றன.”

அடி.

“ஆடுகள் அக்கரையில் நின்றன.”

அடி.

அது நாகம்மையின் குரல். பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். இங்கிருந்து கேட்டபோதுதான், ஒவ்வொரு வரியையும் இவ்வளவு தூரம் எறிய எவ்வளவு மூச்சு வேண்டும் என்று தெரிந்தது. நடுவில் குரல் கம்மியது. கம்மிய குரலிலேயே அந்த வரி இன்னொரு முறை வந்தது.

இதைத்தானே நானும் தினமும் செய்துகொண்டிருந்தேன் என்று நினைத்தார். அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவும் நிறையப் பயமாகவும் இருந்தது.

“பாடம் பூரா இப்படியே கேட்டுட்டா வருவே?”

“எல்லாப் பாடமும் தெரியும் சார். மேல வந்து சேரும்போது மூச்சுதான் இருக்காது.”

“இதை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே, பொம்மி.”

“தாமதமா வர்றவ எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சார் சொல்றது?”

சட்டென்று குரல் நின்றது.

பொம்மியும் நின்றாள். தூக்கிய காலை மெதுவாக, எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

“அசையாதீங்க சார். அம்மை தண்ணி குடிக்கறாங்க.”

இருவரும் அந்த வெள்ளைக்குள் நின்றார்கள். பனி முகத்தில் ஊர்ந்தது. வலமும் இடமும் இல்லாமல் போயிற்று.

“நேத்து நான் பாடத்தைப் பாதியில நிறுத்திட்டேனே” என்றார் திருமேனி.

“ஆமா சார்.”

“அப்ப நீ எங்க இருந்த?”

“இங்கதான். இதோ, இன்னும் ரெண்டடி மேல. ரொம்ப நேரம் ஒரு சத்தமும் இல்ல. காலை எடுக்கப் பயமாயிடுச்சு. அப்படியே உக்காந்து அழுதுட்டேன்.”

நேற்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எவ்வளவு நேரம் வீம்பாக உட்கார்ந்திருந்தோம் என்று அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

“அப்புறம்?”

“அப்புறம் நீங்க என் பேரைச் சொல்லித் திட்ட ஆரம்பிச்சீங்க.”

மேலே குரல் மறுபடி தொடங்கியது. பொம்மி காலெடுத்து வைத்தாள்.

“நல்லவேளை சார், நிறுத்தாமத் திட்டுனீங்க. அதைப் பிடிச்சுக்கிட்டே மேல வந்து சேந்துட்டேன்.”