தண்ணீரும் ஒரு துரு

"இரும்பு எப்படி டீச்சர் சைபர் ஆகும்?"

கேட்டவர் இசக்கியப்பன். வயது நாற்பத்தாறு. தண்டவாளத் துண்டுகளை ஒட்டவைக்கும் ஒப்பந்த வேலையில் இருபது வருடம் இருந்தவர். இப்போது மாலைநேரத் தொழிற்படிப்பில் முதல் வருடம்.

பதில் சொல்ல வேண்டியவர் ஜெசிந்தா. வயது இருபத்தெட்டு. வேதியியல் ஆசிரியை. தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

பாடப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணை இருந்தது. உருவாதல் என்தால்பி என்று தலைப்பு. ஒரு பொருள் தன் தனிமங்களிலிருந்து உருவாகும்போது எவ்வளவு வெப்பம் வெளியே போகிறது, அல்லது உள்ளே வருகிறது என்பதைச் சொல்லும் எண்கள்.

அதில் இரும்புக்கு எதிரே பூஜ்யம். அலுமினியத்துக்கு எதிரேயும் பூஜ்யம். ஆக்சிஜனுக்கும் அதேதான்.

"ஒரு மீட்டர் தண்டவாளம் அறுபது கிலோ டீச்சர். தூக்குனவனுக்குத் தெரியும். அதுக்குப் போயி சைபருன்னு போட்டிருக்கான்."

வகுப்பு சிரித்தது. ஜெசிந்தா சிரிக்கவில்லை.

"கடைசியா எங்க வேலை பாத்தீங்க அண்ணாச்சி?"

"செவல்குளம் ஸ்டேஷனுக்கும் மேலப்பாறை ஸ்டேஷனுக்கும் நடுவுல."

"ஸ்டேஷன் பேர்ப்பலகைல ஊர்ப் பேருக்குக் கீழ என்ன எழுதியிருக்கும்?"

"கடல் மட்டத்துக்கு மேல இத்தன மீட்டருன்னு."

"செவல்குளத்துல எவ்வளவு?"

"எண்பத்தி நாலு."

"மேலப்பாறைல?"

"நூத்தி முப்பத்தொண்ணு."

"ரயில் எவ்வளவு ஏறணும்?"

"நாப்பத்தேழு மீட்டர்."

"கடல் எங்க இருக்கு?"

"அது கெடக்கு, அறுபது கிலோமீட்டருக்கு அங்கிட்டு."

"ரயில் கடலுக்குப் போயிட்டு வந்தா ஏறுது?"

"இல்லை."

"கடல்ல சைபருன்னு போட்டா, கடல்ல ஒண்ணுமே இல்லன்னு அர்த்தமா?"

இசக்கியப்பன் உட்கார்ந்துவிட்டார்.

அட்டவணையில் இரும்பின் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் 'கடல் மட்டம்' என்று எழுதிக்கொண்டார்.

*

பத்து நாள் கழித்து ஒரு தேர்வு.

இரும்புத் துருவும் அலுமினியத் தூளும் சேர்ந்தால் இரும்பும் அலுமினிய ஆக்சைடும் கிடைக்கும். அப்போது எவ்வளவு வெப்பம்? அட்டவணையைப் பார்த்துக் கணக்கிடுக.

வகுப்பில் மற்றவர்களுக்கு அது வெறும் கேள்வி. இசக்கியப்பனுக்கு அது இருபது வருடச் சோறு. தண்டவாளத்தை ஒட்டவைப்பது அந்தக் கலவைதான். சட்டியில் கொட்டிப் பற்றவைத்தால், அரை நிமிடத்துக்குள் இரும்பு தண்ணீராக உருகி அச்சுக்குள் இறங்கும். அதை அவர் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். இமை முடி கருகியிருக்கிறது.

அவர் எழுதிய விடை: கூட்டல் 852 கிலோ ஜூல்.

விடைத்தாள் திரும்பி வந்தது. மதிப்பெண் போடவில்லை. ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி மட்டும்.

'அடுத்த முறை பற்றவைக்கும்போது கம்பளி போர்த்திக்கொண்டு நிற்கவும்.'

இரண்டு தடவை படித்தார். கூட்டல் என்றால் வெப்பத்தை உள்ளே இழுப்பது. அவர் கணக்குப்படி அந்தச் சட்டி குளிர்ந்து போயிருக்க வேண்டும்.

காதுவரை சூடேறியது.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார்.

"எங்க தப்புப் பண்ணேன் டீச்சர்?"

"எதுல ஆரம்பிச்சீங்க?"

"துருவுல. துருவுல இருந்து அலுமினிய ஆக்சைடைக் கழிச்சேன்."

"ரயில் எதுல கெளம்புச்சு?"

"துருவுலதான்."

"எங்க போய்ச் சேந்துச்சு?"

இசக்கியப்பன் சாக்குக்கட்டியை எடுத்துக் கரும்பலகைக்குப் போனார். போய்ச் சேர்ந்த இடமான அலுமினிய ஆக்சைடை முதலில் எழுதினார். கழித்தல் 1676. கிளம்பிய இடமான துருவை அதிலிருந்து கழித்தார். கழித்தல் 824.

மிச்சம், கழித்தல் 852.

"ரெண்டுமே கடலுக்குக் கீழ கெடக்கு டீச்சர்."

"ம்."

"துரு ஒரு கெணறு. இது அதவிட ஆழமான கெணறு. அதுல இருந்து இதுல விழுது."

"ம்."

"விழுற தூரம்தான் அந்த நெருப்பா?"

ஜெசிந்தா பென்சிலை எடுத்து விடைத்தாளில் மதிப்பெண் போட்டார்.

*

அந்த வருடம் மழை அதிகம். வகுப்பில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள்.

இசக்கியப்பன் ஒரு நாள்கூட நிற்கவில்லை. நனைந்துகொண்டு வருவார். வேட்டியைப் பிழிந்துவிட்டு உட்காருவார். நோட்டைப் பிளாஸ்டிக் பைக்குள் இருந்து எடுப்பார்.

அட்டவணையில் இருந்த அத்தனை வரிக்கும் கணக்குப் போட்டார். சுண்ணாம்பு, கந்தகம், கரி, சமையல் எரிவாயு. ஒரு நோட்டு தீர்ந்தது. இன்னொன்று வாங்கினார். சில பக்கங்களில் கூட்டலும் கழித்தலும் இடம் மாறும். அந்தப் பக்கத்தைக் கிழிக்கமாட்டார். அடித்துவிட்டு, கீழேயே மறுபடி போடுவார்.

ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ஜெசிந்தா அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"பரீட்சைல இந்தப் பாடத்துல ரெண்டே கேள்விதான் அண்ணாச்சி. மத்த பாடமெல்லாம் அப்படியே கெடக்கு."

"தெரியும் டீச்சர்."

"பின்ன ஏன் இதையே போட்டுக்கிட்டு இருக்கீங்க?"

இசக்கியப்பன் நோட்டை மூடினார். மேலட்டையைக் கையால் தடவிக்கொண்டே சொன்னார்.

நாலு வருடத்துக்கு முன்னால், ஒரு பகல் வேளை. வேலையில் அவரும் மதலைமுத்துவும். மதலைமுத்து அவரைவிட நாலு வயது மூத்தவர். ஒரே தெரு. வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவர்தான்.

கலவையைப் பற்றவைத்தார்கள். பாதி எரியும்போதே சட்டியில் விரிசல் விட்டது. நெருப்பு பக்கவாட்டில் ஒழுகி, மதலைமுத்துவின் காலடியில் வந்து நின்றது. பக்கத்துப் புல் பிடித்துக்கொண்டது. மதலைமுத்து தடுக்கி விழுந்தார்.

"நான் ஓடுனேன் டீச்சர். குடிக்கக் கொண்டுபோன தண்ணி ஒரு கேன் இருந்துச்சு. இருபது லிட்டர். தூக்கிட்டு ஓடி வந்து நெருப்பு மேல ஊத்துனேன்."

நோட்டைத் தடவிய கை நின்றது.



"அணையல. தண்ணியே எரிஞ்சது. இடி மாதிரி ஒரு சத்தம். நான் ரெண்டு ஆள் தூரம் போயி விழுந்தேன். எனக்கு ஒண்ணுமில்ல. அவுகளுக்கு ஒரு கண்ணு போயிட்டு. பாதி மொகமும் வெந்துட்டு."

வெளியே மழை விட்டிருந்தது.

"சட்டி வெடிச்சிட்டுன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் வாயைத் திறக்கல. கிறுக்கன்கூட நெருப்புல தண்ணிதான் ஊத்துவான், இல்லையா டீச்சர்? அது ஏன் எரிஞ்சது? யாருகிட்டக் கேட்டாலும் நேரம்ங்காங்க, விதிங்காங்க. இந்தப் புத்தகத்தை ஒருத்தர் வீட்டுல பாத்தேன். கடைசிப் பக்கத்துல தண்ணிக்கு எதிரே ஒரு நம்பர் போட்டிருந்துச்சு. அதான் வந்து சேந்தேன்."

ஜெசிந்தா எழுந்தார். கரும்பலகையில் இருந்ததை ஓரம்வரை துடைத்தார். சாக்குக்கட்டியை அவர் கையில் கொடுத்தார்.

"போடுங்க."

"எதைப் போட?"

"அன்னிக்கு அங்க என்னென்ன இருந்துச்சோ, அதை."

*

எரியாமல் மிச்சம் இருந்த அலுமினியத்தை எழுதினார். இரண்டு பங்கு. பூஜ்யம்.

தண்ணீரை எழுதினார். அந்தச் சூட்டில் அது ஆவியாகத்தான் இருந்திருக்கும். நீராவிக்கு எதிரே கழித்தல் 242. மூன்று பங்கு வேண்டும். கழித்தல் 726.

அது கிளம்பிய இடம்.

அலுமினிய ஆக்சைடை எழுதினார். கழித்தல் 1676. ஹைட்ரஜனை எழுதினார். பூஜ்யம்.

அது போய்ச் சேர்ந்த இடம்.

கழித்தார். மிச்சத்தை எழுதும்போது சாக்குக்கட்டி உடைந்தது. துண்டைக் குனிந்து எடுத்து எழுதி முடித்தார்.

கழித்தல் 950.



"டீச்சர், துருவுல இருந்து விழுந்தா எண்ணூத்தி அம்பத்திரண்டு. தண்ணில இருந்து விழுந்தா தொள்ளாயிரத்தி அம்பது."

"ஆமா."

"துருவைவிடத் தண்ணி அதிகமாக் குடுக்குது."

"ஆமா."

"அப்போ..." அவர் குரல் இறங்கியது. "தண்ணியும் ஒரு துருதான். ஹைட்ரஜனோட துரு. அலுமினியம் அதுகிட்ட இருந்தும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கிட்டு."

ஜெசிந்தா தலையசைத்தார்.

"இது மட்டும் இல்ல அண்ணாச்சி. கொதிக்கிற இரும்புல தண்ணி விழுந்தா, ஆவி வெடிக்கிறதே போதும். எது எவ்வளவுன்னு நமக்குத் தெரியாது. தண்ணி ஏன் எரிஞ்சதுங்கிற கேள்விக்குத்தான் இது பதில்."

"சரி."

"வெளிய வந்த ஹைட்ரஜனும் எரியும்."

"சரி டீச்சர்."

அவர் கரும்பலகையில் சாய்ந்தார். சட்டை முதுகெல்லாம் சாக்குத்தூள்.

"அப்போ நான் அன்னிக்கு ஊத்துனது தண்ணி இல்ல. அப்படித்தானே டீச்சர்?"

"தண்ணிதான் அண்ணாச்சி."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"தண்ணிதான் ஊத்துனீங்க. இது உங்களுக்கு அப்பத் தெரியாது."



"இப்பத் தெரியும்" என்றார் இசக்கியப்பன்.

"அவருக்கு?"

இசக்கியப்பன் தரையைப் பார்த்தார்.

"அவுகள நான் போயிப் பாக்கல டீச்சர். ஆஸ்பத்திரிக்கும் போகல. தெருவை மாத்திட்டேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் ஸ்டாண்டு போட்டிருக்காகன்னு கேள்வி. அந்தப் பக்கமே போறதில்ல. முதல்ல இதை முழுசாப் படிச்சு முடிச்சிருதேன். பரீட்சையும் எழுதிருதேன். பெறகு..."

ஜெசிந்தா மேசையிலிருந்து வருகைப் பதிவேட்டை எடுத்தார். இசக்கியப்பன் பெயருக்கு நேரே விரலை ஓட்டினார். அந்த வரியில் ஒரு இடைவெளிகூட இல்லை.

நாளைய தேதிக் கட்டத்தில், அவர் பார்க்கும்படி, பேனாவால் எழுதினார்.

வரவில்லை.

*

மறுநாள் மாலை, வகுப்பு தொடங்கும் நேரத்தில், இசக்கியப்பன் சைக்கிள் ஸ்டாண்டு வாசலில் நின்றார்.

மதலைமுத்து ஒரு சைக்கிளின் பின்சக்கரத்தைத் தூக்கி வரிசையில் வைத்துக்கொண்டிருந்தார். இடது பக்கம் முகம் இழுத்துக்கொண்டிருந்தது. வலது கண்ணைத் திருப்பிப் பார்த்தார்.

"வாடே."

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த சைக்கிளைத் தூக்கினார்.

இசக்கியப்பன் போய் அதன் மறுபக்கத்தைப் பிடித்தார். இரண்டு பேருமாக ஐந்தாறு சைக்கிள்களை நகர்த்தினார்கள்.

"அண்ணே."

"சொல்லு."

"அன்னிக்குச் சட்டி வெடிக்கல. தண்ணிதான் வெடிச்சுது. நான்தான் ஊத்துனேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"அப்ப ரெண்டு கண்ணும் இருந்துச்சுல்லா."

இசக்கியப்பன் ஒரு சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினார்.

"ஏன் எரிஞ்சுதுன்னு தெரியாம உங்க முன்னால வந்து என்னன்னு நிக்க? அதுக்குத்தான் போயிப் படிச்சேன். இதுல இருக்கு. ஒவ்வொண்ணா விளக்கிச் சொல்லுதேன்."

மதலைமுத்து தாளை வாங்கினார். வலது கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எண்கள் மேல் ஒரு தடவை விரலை வைத்து ஓட்டினார். மேலிருந்து கீழே. பிறகு கீழிருந்து மேலே.

மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"இதுக்கா நாலு வருசம்?"

"ஆமாண்ணே."

"தண்ணி ஏன் எரிஞ்சுதுன்னு நான் ஒரு நாளும் கேக்கலியேடே. நீ ஏன் வரலன்னுதான் கேட்டுக்கிட்டுக் கெடந்தேன்."