சல்லிக்காசு செலவில்லாத சாலை

நம் பாட்டனுக்குப் பாட்டன் பிறக்காத காலத்தில் வில்வநாடு என்று ஒரு நாடு. அதை ஆண்ட அரசர் சேந்தமாறர். நல்ல மனிதர்தான், எதுவும் மலிவாய்க் கிடைக்கிறது என்றால் மட்டும் புத்தி கழன்றுவிடும்.

அவருக்கு மலையடிவாரக் கோயிலுக்குச் சாலை போட ஆசை வந்தது. அமைச்சர் இளங்காரி கால் தேய நடந்து பார்த்துவிட்டு வந்தார்.

“ஏரியைச் சுற்றித்தான் போக வேண்டும், அரசே. தண்ணீர் போக ஏழு இடத்தில் கல் மதகு வேண்டும். ஆயிரம் பொன் ஆகும். பேரன் காலம்வரை கிடக்கும்.”

அரசர் முகம் சுருங்கிப்போனது. அமைச்சர் பதவிமேல் நெடுநாளாய்க் கண் வைத்திருந்த விசயராயர் எழுந்தார்.

“ஏரிக்குள்ளேயே நேராக மண்ணைக் கொட்டினால் முந்நூறு பொன்னில் முடியும், அரசே.”

“மழையில் கரைந்தால்?” என்றார் இளங்காரி.

“ஏரிப்பட்டிக்காரர்கள் எதற்கு இருக்கிறார்கள்? வெட்டிக்கு வந்து சல்லிக்கல் கொட்டுவார்கள். நமக்குச் சல்லிக்காசு செலவில்லை.”

வெட்டி என்றால் அரண்மனைக்குக் கூலியில்லாமல் செய்கிற வேலை. ஆள் வந்து கூப்பிட்டால் போயே ஆக வேண்டும். அரசருக்கு அந்தச் சொல் தேனாய் இனித்தது. ராயருக்குத் தங்கக் காப்பு கிடைத்தது. அமைச்சருக்கு, “உமக்குக் கை ரொம்பத் தாராளம், ஓய்” என்று ஒரு குத்தல் கிடைத்தது.

சாலை போட்டாயிற்று. ஐப்பசி அடைமழையில் அது கரைந்தும் போயிற்று. ஏரிப்பட்டியில் ஒரு ஆள் விடாமல் வெட்டிக்கு இழுத்தார்கள். அந்த ஊர்க் குடியானவள் அங்காயி நேரே சபைக்கு வந்து நின்றாள்.

“சாமி, நாத்து முத்திப்போகுது. பத்து நாள் விட்டீங்கன்னா நட்டுட்டு ஓடி வந்துடுவோம். இல்லேன்னா தையில புள்ளைங்களுக்குக் கஞ்சி இல்லை.”

“அந்தப் பத்து நாளும் அரசர் கோயிலுக்குப் பறந்தா போவார்?” என்றார் ராயர். சபை சிரித்தது, அரசரும் சிரித்தார். கொட்டுகிற மழையில் அந்த மாதம் பூராவும் அவர் அரண்மனை வாசலைக்கூடத் தாண்டவில்லை என்பது வேறு கதை.

இளங்காரி சிரிக்கவில்லை. வெளியே வந்து அங்காயியிடம், “தை பிறந்ததும் அந்தச் சாலையிலிருந்து ஒரு கூடை சல்லி கொண்டு வா அம்மா” என்றார்.

தையும் பிறந்தது. அரசருக்கு ஏரிப்பட்டிச் சம்பாவைத் தவிர வேறு சோறு இறங்காது. புத்தரிசிச் சோற்றுக்கு இலை போட்டு உட்கார்ந்தார். அங்காயி வந்து கூடையை இலையில் கவிழ்த்தாள். அமைச்சர் பக்குவமாய் நெய் ஊற்றினார்.

“என்ன ஓய் இது?”

“ஏரிப்பட்டி விளைச்சல், அரசே. நாற்று நட வேண்டிய கை ஐப்பசியில் இதைத்தான் போட்டது. போட்டதுதானே இலைக்கு வரும்? ராயர் சொன்னது பொய்யில்லை. சல்லிக்காசு செலவில்லை, வெறும் சல்லிதான்.”

அரசர் நெய் வழிகிற கல்லையே பார்த்தார். “ஊரில் என்ன சாப்பிடுகிறீர்கள்?” என்று கேட்டார்.

“கிழங்கு தோண்டித் தின்னுறோம் சாமி. அதுவும் தீரப்போகுது.”

அரசருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது அன்றுதான் அவருக்கு உறைத்தது. அன்றே ஏரிப்பட்டிக்கு நெல் அளக்கக் களஞ்சியத்தைத் திறக்கச் சொன்னார். அமைச்சருக்குப் பட்டுப் போர்த்தி, கூலி கொடுத்தே ஆயிரம் பொன் சாலையைக் கட்டச் சொன்னார்.

ராயருக்கு வாய் சும்மா இருக்குமா? “மதகெல்லாம் கட்டி முடிக்க இரண்டு வருஷம் ஆகுமே, அதுவரை பழைய சாலையை யார் பார்ப்பது?” என்று கேட்டுவைத்தார்.

“ஏரிப்பட்டிக்காரர்களுக்கு நடவு இருக்கிறது” என்றார் அரசர். “உமக்குத்தான் ஒரு வேலையும் இல்லை.”

அடுத்த ஐப்பசியில் ராயர் முழங்கால் சேற்றில் சல்லிக்கூடையோடு நின்றார். நாற்றுமுடியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கமாய் வந்தாள் அங்காயி.

“கூலி எவ்வளவு சாமி தர்றாங்க?”

“கூலி ஏது? வெட்டிதான்.”

“அப்போ பரவாயில்லை சாமி, யாருக்கும் செலவில்லை” என்று சொல்லிவிட்டு அவள் வயலில் இறங்கினாள்.