கண்ணாடியை விடாத மீன்

அந்தக் காலத்தில் மீன்களுக்கும் பேச்சு உண்டு. ஒரு கோடையில் ஊர்க்குளம் வற்றி, ஏழு மீன்கள் சேற்றில் கிடந்து, அந்த வழியாகப் போன வெயிலுகந்தானைக் கூப்பிட்டன. அவர் ஜன்னலுக்குக் கண்ணாடி அறுத்துக் கொடுப்பவர். மனசு கேட்காமல் அள்ளிவந்து வீட்டுப் பானையில் விட்டார்.

மறுநாளே புகார். பானைக்குள் ஒரே இருட்டாம், வேடிக்கை பார்க்க வழியில்லையாம். சொன்னது உதடு தடித்த கறுப்பு மீன். எதிலும் அதற்கு ஒரு குறை இருக்கும்.

வெயிலுகந்தானுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஐந்து கண்ணாடிகளை அறுத்து, வேலம்பிசின் தடவிப் பெட்டியாக ஒட்டித் தண்ணீர் ஊற்றினார். பிசின் கரைந்து, பெட்டி நாலு பக்கமும் விரிந்து படுத்துக்கொண்டது. மனைவி சூடாமணி தரை துடைக்க அவர் கையில் துணியைக் கொடுத்துவிட்டுப் போனாள். தண்ணீரில் கரைகிற பொருளை வைத்தா தண்ணீரைக் கட்டுவது என்று கறுப்பு மீன் மூன்று நாள் பேசியது.

அடுத்து அரக்கை உருக்கி ஒட்டினார். பெட்டி நின்றது. மீன்களை விட்டு, ஊரைக் கூட்டிக் காட்டினார்.

“அடி மூலையில் அரக்கு சரியாகப் பிடிக்கவில்லை, அண்ணாச்சி” என்றது கறுப்பு மீன்.

கூட்டம் சிரித்தது. “நீ வாயை மூடு” என்றார் அவர்.

எல்லோரும் போனபின் அந்த மூலை கசியத் தொடங்கியது. கறுப்பு மீன் கூப்பிட்டுப் பார்த்தது. மறுபடி குறைதான் என்று அவர் சாப்பாட்டிலிருந்து தலை நிமிரவில்லை. தண்ணீர் நாலு விரல் இறங்கியது. மற்ற ஆறு மீன்களுக்கும் நடுக்கம் எடுத்தது. கறுப்பு மீன் தன் உதட்டைக் கசிவின்மேல் வைத்து அழுத்தியது. கசிவு நின்றது. பேச்சும் நின்றது.

தன் வேலையைப் பார்த்துக் கறுப்பு மீனே வாயடைத்துப் போனதாக வெயிலுகந்தான் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தார். இரண்டாம் நாள் அந்த அமைதியை அவரால் தாங்க முடியவில்லை.

“ஏதாவது குறை சொல்லேன்” என்று குனிந்தார். அப்போதுதான் மூலையில் அழுந்தியிருந்த வாயைப் பார்த்தார். ஓடிப்போய் அரக்கை உருக்கி, வெளியிலிருந்து பூசினார்.

“இனிமேல் விடலாம் ராசா” என்றார்.

மீன் வாயை எடுத்தது. அவரைப் பார்த்தது. புது அரக்கைப் பார்த்தது. பிறகு நகர்ந்துபோய் அடுத்த மூலையில் வாயை வைத்துக்கொண்டது.

இன்று வளர்ப்பு மீன் கடையில் சக்கர் மீன் என்று கேட்டு வாங்குகிறோமே, அதன் வம்சம்தான். அன்று முதல்தான் அது எந்தத் தொட்டியில் விட்டாலும், யார் ஒட்டியதோ என்ற சந்தேகத்தில், கண்ணாடியை அங்குலம் அங்குலமாக வாயால் சோதித்துக்கொண்டே இருக்கிறது.